உக்காந்தே இருக்கிறவ

மெஷின் ஒண்ணும் கெட்டுப்போகலக்கா. நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே குளிக்கிற நேரம் தவிர எப்பவும், பசங்க எவ்வளவு நடமாடுறாங்கன்னு பாக்க உங்க ஆராய்ச்சிக்காகக் குடுத்த அந்த பெல்ட்டை இடுப்புல கட்டித்தான் வெச்சிருந்தேன். அது ஒண்ணும் காட்டலன்னா அதுமேல தப்பு இல்ல, நான்தான் அசையல. ஸ்கூலு, பஸ்ஸு, இந்த சோபா. அவ்வளவுதான் என் பொழப்பு.

உக்காருங்க. அந்தத் துணியையெல்லாம் தள்ளிவிட்டுட்டு உக்காருங்க. நான் எந்திரிச்சு எடுக்கலன்னு தப்பா நினைக்காதீங்க, பாத்தா அம்மா கத்துவாங்க. உள்ள தையல் மெஷின் சத்தம் கேக்குதில்ல, அவங்கதான். தாராளமா பேசுங்க, நமக்குள்ள இங்கிலீஷ்தானே. அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான், இதுல ஒரு வார்த்தை புரியாது. டொமினிக்கன்லேருந்து இந்த நியூயார்க் பிராங்க்ஸுக்கு வந்து எவ்வளவு காலம் ஆச்சு, இன்னும் பஸ் டிரைவர்கிட்டகூட நான்தான் பேசணும். முன்னாடி அண்ணன் பேசுவான். வீட்டு ஓனரு, கரண்ட் ஆபீஸு, டாக்டரு, எல்லாம் அவன்தான். அவனுக்கப்புறம் அந்த உத்தியோகம் எனக்கு வந்துருச்சு.

ஒண்ணுமில்லம்மா, பெல்ட்டு வாங்கிட்டுப் போக வந்திருக்காங்க. நீ தைச்சுக்கிட்டு இரு.

ஓடுவேனாவா? நல்லா கேட்டீங்க போங்க. இந்தத் தெருப் பசங்க ஒருத்தனும் என்னை முந்தினதில்ல. ஸ்கூல் டீம்ல சேருன்னு கோச் எவ்வளவோ கெஞ்சினாரு. இப்ப விளையாட்டு பீரியட்ல பெஞ்சுல உக்காந்து மத்தவங்க பையைக் காவல் காக்கறேன். என் பதினஞ்சாவது பொறந்தநாளும் அப்படித்தான். எங்க ஆளுங்களுக்கு அது பாதிக் கல்யாணம். பொண்ணை நாற்காலில உக்கார வெச்சு, தட்டைச் செருப்பைக் கழட்டிட்டு ஹீல்ஸ் மாட்டிவிட்டு, கையைப் பிடிச்சு எழுப்பி ஆட வைக்கணும். மாமா ஹீல்ஸ் மாட்டிவிட்டாரு. எழுப்பல. எல்லாரும் சுத்திச் சுத்தி ஆடுனாங்க, நான் நடுவுல ஜவுளிக்கடை பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன். அழுகையா வந்துச்சு, மேக்கப் போயிடுமேன்னு அடக்கிக்கிட்டேன்.

அது அண்ணன் போட்டோதான். வில்கின். பேஸ்பால் மேட்ச்ல ஓடி வந்து ஜெயிச்சு, எங்களைப் பாத்துச் சிரிச்சான், அப்படியே விழுந்துட்டான், அப்புறம் எந்திரிக்கவே இல்ல. இதயத்துல தசை தடிச்சுப்போற வியாதியாம். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கும்னு அம்மாவையும் என்னையும் டெஸ்ட் பண்ணாங்க. அங்கேருந்து வந்து உக்காந்தவதான் நான். அம்மா ஹோட்டல் வேலையையும் விட்டுட்டாங்க. மெத்தையைத் தூக்கிப் போட்டு, வண்டி தள்ளி, மாடி மாடியா ரூம் கழுவுற வேலை. என்னைத் தனியா விடக் கூடாதுன்னு இப்ப வீட்டுலயே உக்காந்து பாவாடைக்கு ஓரம் அடிக்கிறாங்க. வாழைக்காய் மசிச்சு, முட்டை பொரிச்சு, தட்டு என் மடிக்கே வந்துரும்.

தெரியும்க்கா. என் பிரஷர் ஏறிருக்குன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க. இந்த வயசுல இப்படியே உக்காந்திருந்தா நல்ல இதயமும் கெட்டுரும்னு சொன்னீங்க. எனக்கே தெரியுது. முன்னாடியெல்லாம் எனக்கு மூச்சே வாங்காது, இப்ப பஸ் ஏறுறதுக்குள்ள வாங்குது. ஜன்னல் வழியா பசங்க ஓடுறதைப் பாத்தா காலு துடிக்குது. ஜெயில்ல இருக்கிறவனுக்காவது ஒரு நாள் கதவு தொறக்கும்.

அதை விடுங்க. அடுத்த வாரம் ஸ்பானிஷ் தெரிஞ்ச டாக்டரம்மா வந்து, எல்லாத்தையும் அம்மாகிட்டயே நேரா பேசுவாங்கன்னு சொன்னீங்களே, அது மட்டும் வேணாம்க்கா. நானே சொல்லிக்கிறேன். எப்பவும் நான்தானே சொல்றேன்.

கண்டிப்பா வருவாங்களா?

சரி, அப்ப கேளுங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஸ்பானிஷ் பேசுற ஆள் வரல, நான் இருக்கேன்ல, நானே சொல்றேன்னுட்டேன். பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல, நல்லா ஓடட்டும்னாரு டாக்டர். அம்மாவுக்குத்தான் இருக்குன்னாரு. வெயிட் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, அந்த வேலையை உடனே விடணும்னாரு. அம்மா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. காய்ச்சலோடயே வேலைக்குப் போறவங்கக்கா அவங்க. தனக்குன்னு சொன்னா கேப்பாங்களா, மறுநாளே மெத்தை தூக்கப் போயிருப்பாங்க. அதோட, வில்கினுக்கு அது தங்கிட்டேருந்துதான் போச்சுன்னு தெரிஞ்சா அவங்க உயிரோடவே இருக்க மாட்டாங்க. அதான், வியாதி எனக்குன்னு சொல்லிட்டேன். பக்கத்துலயே ஒருத்தர் உக்காந்திருக்கணும்னும் நானே சேத்துக்கிட்டேன். அவங்க மாத்திரையை பிரஷர் மாத்திரைன்னு குடுக்கறேன், நம்பி முழுங்கறாங்க.

இப்ப நான் எந்திரிச்சு ஓடினா அவங்களும் எந்திரிச்சு ஹோட்டலுக்குப் போயிருவாங்கக்கா. டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. பொண்ணு தினம் மெதுவா நடக்கணும், துணைக்கு நீங்களும் மெதுவா கூட நடக்கணும்னு, இது மட்டும் அம்மாகிட்ட சொல்லச் சொல்லுங்க. டாக்டரம்மா மாட்டேன்னு சொன்னா, வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க.

இல்லம்மா, கிளம்பிட்டாங்க. கதவு சாத்த நீ வராத, அவங்களே சாத்திட்டுப் போவாங்க. நீ உக்காரு. நான் உக்காந்துதாம்மா இருக்கேன்.