டிகிரி மூக்கு

அந்தப் பொட்டலத்த அங்கேயே வைங்க சார். அப்பறம் மோந்து பாக்குறேன். மொதல்ல டீயக் குடிங்க, கோலாலம்பூர்லேருந்து மல ஏறி வந்திருக்கீங்க.

ஆமா, நம்ம தேயிலதான் அது. கருவாட்டு நாத்தம் அடிக்குதுன்னு ஜெர்மன்காரன் திருப்பி அனுப்புன சரக்கு. தெரியும் சார், இந்த ஃபேக்டரியில ஏத்துமதிக் காயிதம் எல்லாம் நான்தானே பாக்குறேன்.

அதுக்கு லோரி ஓட்டுன முனியாண்டி அண்ணன நிப்பாட்டிட்டீங்க. வெள்ளிக்கிழமையோட வேலையே போயிருமாமே? ரொம்பக் கெட்டிக்காரத்தனம்லா. அவரு சம்சாரம் செல்லம் அக்கா எஸ்டேட் லயத்து வீடுகள்ல கருவாடு விக்குது, அதனால வழியில கதவத் தொறந்து கருவாடு ஏத்திட்டாரு! கிள்ளான் தொறமுகத்துக்குப் போற லோரியிலயா சார்? கருவாடு அங்கேருந்து மேல வரும். இங்கேருந்து கீழ போறது தேயிலயும் முட்டக்கோசும்தான்.

அவரு கையில அந்தக் கன்டெய்னர் பெட்டி இருந்தது எட்டு மணி நேரம். அதுக்கப்பறம் அறுபத்தோரு நாளு. எங்க போகுதுன்னு ஃபோன்ல பெட்டி நம்பரப் போட்டு தெனம் பாத்தேன். நேரா ஜெர்மனி போச்சுன்னா நெனச்சீங்க? நம்ம ஒத்தப் பெட்டிக்கு எவன் கப்பல் விடுவான்? மேற்க போகவேண்டியது, மொதல்ல தெக்க சிங்கப்பூருக்குப் போச்சு. அங்க எறக்கி வச்சு பன்னெண்டு நாளு. பெரிய கப்பல்ல ஏத்துனாங்க. செங்கடல்ல சண்டைன்னு ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு ரோட்டர்டாம். அங்க மறுபடி எறக்கி, சின்னக் கப்பல்ல ஹம்பர்க். பெரிய கப்பல்ல இருபதாயிரம் பெட்டி சார். பக்கத்துப் பெட்டியில என்ன இருந்துச்சுன்னு யாரையாவது கேட்டீங்களா? ஒலகத்துத் தொறமுகத்த எல்லாம் விட்டுட்டு, நம்ம மலரோட்டு திரிங்காப் வளைவுல வந்து திருடனத் தேடுறீங்க.

சீல் ஒடையல. ஒத்துக்குறேன். கிள்ளான்ல போட்ட சீலு, ஹம்பர்க்லதான் வெட்டுனாங்க. அதனால கப்பல்காரன் தப்பிச்சான். ஃபேக்டரியில பெட்டி சுத்தமா இருந்துச்சுன்னு ஃபாரம் சொல்லுது. நடுவுல மாட்டுனது முனியாண்டி அண்ணன் மட்டும். பிரமாதம் சார்.

எந்த ஃபாரம்? காட்டுங்க. ஆமா, என் கையெழுத்துதான்.

காலிப் பெட்டி வந்தா நான்தான் உள்ள போவேன். வெளியிலேருந்து கதவச் சாத்துவாங்க. அஞ்சு நிமிஷம் இருட்டுல நிக்கணும். ஓட்ட இருந்தா வெளிச்சம் தெரியும், வாட இருந்தா மூக்குக்குத் தெரியும். தேயில எந்த வாடையையும் இழுத்துக்கும்ல, அதுக்குத்தான். இந்த லயத்துல மொத டிகிரி நான். வெளிய வந்தா கணக்கு எழுதுற ஆபீஸ் கிராணி கேலி பண்ணுவாரு, டிகிரி மூக்கு என்ன சொல்லுதுன்னு.

ஓட்ட இல்ல சார். அதக் கண்ணால பாத்தேன். அது உண்ம.

நம்மகிட்ட வர்றதுக்கு முன்னால அது எந்த ஊருத் தொறமுகத்துல, எத ஏத்திக்கிட்டு அலஞ்சுச்சோ. காலியாத்தான் வந்துச்சு. காலின்னா சுத்தம்னு அர்த்தமா?

ஏன் சார் பொட்டலத்த என் பக்கமே தள்ளுறீங்க? சரி, குடுங்க.

ம்.

கருவாட வச்சாலும் மல்லிப்பூவ வச்சாலும் எனக்கு ஒண்ணுதான் சார். கோவிட் வந்து போனதுலேருந்து மூக்குல எதுவும் ஏறல. சொன்னா வேல போயிரும்னு சொல்லல. மூணு வருஷமா எல்லா ஃபாரத்துலயும் வாட இல்லன்னுதான் எழுதுறேன்.

அண்ணன நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுருங்க. டீ ஆறிப்போச்சு சார், வேற போடவா?