விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

— கதவத் தொறந்துட்டாங்களா சார்?

— இன்னும் இல்ல. டாக்டர் வந்து பார்த்தப்புறம்தான் உங்க வீட்டுக்காரர் உடம்பைத் தருவாங்களாம். இந்த பெஞ்சுல உட்காருங்க, பச்சையம்மா.

— எனுக்குத் தரையே போதும்... இன்னா பாக்குற? தரைய நம்பக் கூடாதுன்றியா? சும்மா சொன்னேன் சார். உப்பு கம்பெனி ஆளு ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீ ஒருத்தன்தான் வந்துகீற.

— வராம இருக்க முடியல. செவுரு விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— கூடையத் தூக்கினு மீன் விக்கப் பூட்டேன். டோல்கேட்டாண்ட ரஷீது பாய் ஓடியாந்து, ‘உன் வூட்டு பின்னாண்ட செவுரு தேசப்பன் மேல சாஞ்சிருச்சு, வா’ன்னாரு. கூடைய அங்கியே போட்டுட்டு ஓடியாந்தேன். வந்தா... வெறும் கல்லும் மண்ணுந்தான் சார்.

— அவரால எழுந்து வர முடிஞ்சிருந்தா...

— எப்புடி முடியும்? கட்டுமரம் மோதி இடுப்பு பூட்ட ஆளு. சாயறது தெரிஞ்சிருக்கும் சார் அவருக்கு. செவுத்தப் பாத்துகினுதான எந்நேரமும் படுத்துகீறாரு. கூவியிருப்பாரு. நான்தான் இல்ல.

— அப்படி நினைக்காதீங்க. நீங்க இருந்திருந்தா உங்களுக்கும் சேர்த்து இங்க...

— அதுவே தாவல. அவரு கூடவே பூட்டிருப்பேன்.

— ...அவர் என்னைக் ‘கண்ணாடி இஞ்சினீரு’ன்னு கூப்பிடுவார்.

— ஆமா. நீ வந்து குனிஞ்சு பாத்துட்டுப் போனதும் சிரிப்பாரு. ‘எனுக்கு ஒரு டாக்டரும் வரல, செவுத்துக்கு வாராவாரம் டாக்டர் வர்றாரு பாரு’ன்னு.

— நான் ஒரு தடவைகூட அவர்கிட்ட உட்கார்ந்து பேசினதில்ல.

— சார், ஒண்ணு கேக்குறேன். உப்பு குடோன் கம்பெனியோடது. அது அந்தாண்ட கீது. நம்ம வூடு இந்தாண்ட கீது. நடுவுல சந்து கீது. அது கனத்துக்கு எங்க செவுரு இன்னாத்துக்கு வுழணும்?

— அதைத்தான் காலையில இருந்து நானே கேட்டுகிட்டிருக்கேன்.

— எனுக்குப் புரியற மாதிரி சொல்லு.

— அதோ அந்த இரும்புக் கட்டில் தெரியுதா? அடியில கம்பிச் சுருள் வரிசையா இருக்கும். மண்ணையும் அப்படி நினைச்சுத்தான் நாங்க கணக்குப் போடுறோம். எவ்வளவு பாரம் வெச்சா ஒரு சுருள் எவ்வளவு அமுங்கும்னு தெரிஞ்சா, கட்டடம் எவ்வளவு இறங்கும்னு சொல்லிடலாம்.

— அத்த எப்புடித் தெரிஞ்சுகினே?

— குழி தோண்டி ஒரு சின்ன இரும்புத் தகடு வெச்சு, அதுமேல பாரம் ஏத்திப் பார்த்தேன். லேசாதான் அமுங்குச்சு. மண்ணு கெட்டின்னு எழுதிட்டேன்.

— கெட்டிதான சார். நம்ம கரை மணலு.

— மேல மணல். ரொம்ப ஆழத்துல கறுப்புக் களி. சின்னத் தகடு மேல் மணலைத்தான் அழுத்தும், அடிக்களிக்கு அது எட்டாது. குடோன் முழுக்க உப்பு மூட்டை ஏறினா அந்த பாரம் அங்கவரைக்கும் போகும்.

— அப்பவும் அது குடோனுக்குத்தான? எங்க வூட்டுக்கு இன்னா?

— என் கணக்குல ஒவ்வொரு சுருளும் தனித் தனி. ஒண்ணு அமுங்கினா பக்கத்துல இருக்கறது அசையாது. நிஜத்துல மண்ணு ஒட்டிகிட்டு இருக்கு. கனமான ஆள் கட்டில்ல உட்கார்ந்தா பக்கத்துல படுத்திருக்கறவரும் அவர் பக்கம் சரியுறார் இல்ல... அதேதான். குடோன் இறங்கும்போது உங்க பின்செவுத்தையும் கூடவே இழுத்துகிட்டுப் போயிடுச்சு.

— ...அப்ப உன் கணக்கு தப்பு.

— தப்பு.

— பட்சவன்தான நீ.

— படிச்சவன்தான்.

— வுடு சார். மண்ணுக்குள்ள யாரு பூந்து பாக்குறது? கடலே தெரியும்னு போனவரு எங்க ஆளு, அவரையே அது அடிச்சுப் போட்டுச்சே.

— எனக்கு நீங்க ஆறுதல் சொல்லாதீங்க பச்சையம்மா. தாங்க முடியல.

— அப்ப நீ வாராவாரம் வந்தது...

— கணக்கு சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கத்தான். விரிசலுக்குக் குறுக்க கண்ணாடித் துண்டை ஒட்டி வெச்சா, செவுரு துளி நகர்ந்தாலும் அது உடைஞ்சிடும். உடைஞ்சா மூட்டை ஏத்தறதை நிறுத்தணும். உடையாம இருந்தா மேல மேல ஏத்தலாம்.

— நிறுத்தணுமா? நீ அன்னிக்கு எங்கிட்ட அத்த சொல்லலியே. கண்ணாடி ஒடஞ்சா வூட்டக் காலி பண்ணணும்னுதான சொன்ன. வியாசர்பாடில ஒரு ரூமு குடுப்பாங்கன்ன.

— ரெண்டும்தான். உங்ககிட்ட... ஒண்ணைத்தான் சொன்னேன்.

— ஏன் சார்?

— கம்பெனி அப்படித்தான் சொல்லச் சொல்லுச்சு. மண்ணு கெட்டின்னு அவங்ககிட்ட சொன்னவன் நான். அதை மாத்திச் சொன்னா என்னை வெச்சிருக்க மாட்டாங்க. ஒவ்வொரு வாரமும் உங்க வீட்டுப் படி ஏறும்போது, உடைஞ்சிருக்கக் கூடாதேன்னு வேண்டிகிட்டேதான் ஏறுவேன்... தண்ணி வேணுமா?

— வோணாம்... சார், யுத்தத்துல குண்டு போடப் போறான்னு பட்டணமே காலியாச்சே. அப்பகூட எங்க ஆளு நவுரல. ‘அலைச் சத்தம் இல்லாத எடத்துல எனுக்குத் தூக்கம் வராது’ன்னு பாய விரிச்சுப் படுத்துகினாரு. இடுப்பு பூட்டப்புறம் அவருக்கு மிச்சம் இருந்தது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அவர வியாசர்பாடிக்குத் தூக்கினு போனா நாலு நாள் தாங்க மாட்டாரு சார்.

— தெரியும்மா.

— உனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஒட்டின கண்ணாடி மறு வாரமே ஒடஞ்சு பூட்ச்சு. வெடுக்குன்னு ஒரு சத்தம். நானும் கேட்டேன், அவரும் கேட்டாரு. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினோம். அம்மன் படத்த எறக்கி, அதுல இருந்த கண்ணாடிய ஒடச்சு, அந்த எடத்துலயே சுண்ணாம்பு வெச்சு ஒட்டினேன். அதுவும் ஒடஞ்சுது. அப்பால இன்னோண்ணு. நீ வர்றதுக்கு முன்னாடி எல்லாம் மாத்திகினே இருந்தேன் சார். அவரு படுத்தபடி பாத்துகினு கெடந்தாரு... உன் கணக்கு தப்பில்ல சார். உன் கண்ணாடி சொல்லத்தான் சொல்லுச்சு. நான்தான் அது வாய மூடிட்டேன். என் வூட்டுக்காரர நானே...

— நீங்க மாத்தி ஒட்டின சுண்ணாம்பு காஞ்சிருக்கலியே, பச்சையம்மா. முதல் தடவையே தொட்டுப் பார்த்தேன், விரல்ல ஒட்டுச்சு. வேட்டியில துடைச்சுகிட்டு, கண்ணாடி முழுசா இருக்குன்னு போய்ச் சொல்லிட்டேன்.