திங்கட்கிழமை விலை

கைப்பேசியை நான் எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்வதில்லை. முழுக்க ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும், பலருக்கு இது தெரியாது. என் மனைவி மெலாஹத்தின் கைப்பேசியையும் நான்தான் அப்படிப் பார்த்துக்கொண்டேன். வாங்கி ஐந்து வருடமாகியும் கீறல் இல்லாமல் இருக்கிறது. உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் பையில் கிடக்கிறதே, அதுதான். ஒரு பொருளை வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவன் நான், மேடம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் தம்பி வாயைத் திறக்க வேண்டாம் என்கிறார். பேசாமல் இருந்து எதைச் சாதிக்கப்போகிறேன்? கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன்.

அந்தத் தங்கம் என் மனைவியுடையது. அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. கல்யாணத்தன்று அவள் கழுத்தில் தொங்கிய சிவப்பு நாடாவில் உறவுக்காரர்கள் குத்திய தங்கக் காசுகள், என் அம்மா போட்ட ஆறு முறுக்கு வளையல்கள், பிறகு தங்க நாளில் அவள் சேர்த்தவை. மாதம் ஒரு வீட்டில் பெண்கள் கூடி, ஆளுக்கொரு காசு போட்டு, அந்த வீட்டுக்காரிக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். டீயும் கேக்கும் ஊர்வம்பும் உண்டு. மெலாஹத் தன் முறைக்கு வந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, உலர்ந்த பீன்ஸ் டப்பாவின் அடியில் புதைத்து வைத்திருந்தாள். பீன்ஸ் டப்பா! லுலேபுர்காஸ் கண்ணாடி ஆலையில் ஒரு ஷிப்டையே கட்டி மேய்த்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டுச் சேமிப்பு பீன்ஸுக்கு அடியில்.

எதிர்த் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனது. உண்மையில் போனது ஒரு சைக்கிள். நான் அதைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னேன். கடைசியில் தங்கத்தை வங்கிக் கணக்கில் போட அவள் அரைமனதாகச் சம்மதித்தாள். வளையல்களைக் கழற்ற சோப்புப் போட வேண்டியிருந்தது. வங்கி சொன்ன நகைக்கடையில் எடை போட்டார்கள், உருக்க அனுப்பினார்கள், மாலைக்குள் எல்லாம் கைப்பேசிச் செயலியில் ஓர் எண்ணாக வந்து உட்கார்ந்தது. கணக்கை என் பெயரில் திறக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு மட்டும் அவள் மசியவில்லை. அவள் பெயர், அவள் முகம். பெரிய தொகைக்கு விற்கவோ வெளியே அனுப்பவோ வேண்டுமானால் அவள் கேமராவைப் பார்த்துச் செயலி சொன்னபடியெல்லாம் செய்தாக வேண்டும். இதெல்லாம் யாரோ ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான்.

அவளுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. ஒருநாள் ரொட்டிக்கடையில் அந்தக் கணக்கிலிருந்தே பணம் கட்டிப் பார்த்தேன். தங்கத்தில் ரொட்டி வாங்க முடிகிறதே என்று எனக்கு ஒரே குஷி. வீட்டுக்கு வந்து காட்டினேன். அவள் ரொட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கம்மா போட்ட வளையல்ல ஒரு துண்டைக் கடிச்சு எடுத்துட்டு வந்திருக்க. சூடு ஆறுறதுக்குள்ள தின்னு."

அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவள் தம்பி மகன் கல்யாணத்திலும் இதே கதைதான். எல்லோரும் வரிசையில் போய் மணப்பெண்ணுக்குக் காசு குத்தினார்கள். நான் பரிசைக் கைப்பேசி வழியே அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான தாளை அச்செடுத்து அவளிடம் கொடுத்திருந்தேன். அவள் அந்தத் தாளை மடித்து, குண்டூசியால் நாடாவில் குத்திவிட்டு வந்தாள். அவளுக்கு அது அவமானமாக இருந்திருக்கும். எனக்கும் ஒரு நிமிடம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு அந்த எண் பிடித்துவிட்டது, மேடம். மறைக்க என்ன இருக்கிறது? காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். என் ஓய்வூதியம் மாதாமாதம் தேய்ந்துகொண்டிருந்தது. போன வருடம் ஒரு கிலோ இறைச்சி வாங்கிய காசுக்கு இந்த வருடம் எலும்புதான் தருகிறான். லிராவைக் கையில் வைத்திருப்பது பனிக்கட்டியைக் கையில் வைத்திருப்பதுபோல. எல்லாம் கரைந்தபோது அது ஒன்றுதான் ஏறியது. வாழ்நாளில் முதல்முறையாக நான் புத்திசாலி என்று யாரோ சொல்வதுபோல இருந்தது.

எங்கள் மகள் செர்பில் சோர்லுவில் இருக்கிறாள். புருஷனை விட்டுவிட்டு, குழந்தையோடு தோழி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மெலாஹத் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கிழமை செர்பில் வர்றா. எல்லாத்தையும் அவளுக்கு அனுப்பிடலாம் ரிஃப்கி. வீடு பிடிக்கட்டும்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு வளையலை மட்டும் வச்சுக்கலாம்னு ஆசைதான். உன் போன்ல வளையல் ஏது?"

நான் சரி என்றேன். சண்டை நடக்கவில்லை. அக்கம்பக்கத்தில் நீங்கள் விசாரித்திருப்பீர்கள், சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுடைய பொருள், அவள் மகள், அவள் விருப்பம். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலைச் சாப்பாட்டின்போது அவள் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது. இடது கை அப்படியே மடியில் கிடந்தது. வாயின் இடது பக்கம் கீழே இறங்கியிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூடத்துச் சோபாவில் படுக்க வைத்தேன். தலைக்குத் தலையணை, காலுக்குப் போர்வை. மணிக்கட்டில் கொலோன் வாசனை நீர் தடவிவிட்டேன். அவள் சொல்வது குழறலாக வந்தது, ஆனால் நான் சொல்வது அவளுக்குப் புரிந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

அப்போதே நான் அவள் கைப்பேசியை எடுத்தேன். உண்மை. ஆனால் திறந்தது தங்கக் கணக்கை. நீங்கள் தலையை அசைக்கிறீர்கள். நாளைக்கு வைத்தியம், உடற்பயிற்சிக்கு ஆள், சக்கர நாற்காலி, எத்தனை செலவு இருக்கிறது என்று நான் யோசித்தேன். கையில் பணம் இருக்க வேண்டாமா? ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் உள்ள தூரத்தை இங்கே கத்தரி என்பார்கள். சந்தை மூடியிருக்கும் நாளில் வங்கிகள் அந்தக் கத்தரியை அகலத் திறந்து வைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தங்கம் விற்பவனை டீக்கடைப் பையன்கூட ஏமாளி என்பான். அன்றைக்கு விற்றிருந்தால் முறுக்கு வளையல்களில் ஒன்று அப்படியே காற்றில் போயிருக்கும். அவள் நாற்பது வருடம் கையில் போட்டிருந்த வளையல். திங்கள் காலைவரை பொறுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அவள் வலது கையால் கைப்பேசியைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். தங்கத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் மேல்வீட்டு ஷுக்ரான் கதவைத் தட்டினாள். மெலாஹத்தின் தங்க நாள் கூட்டாளி. போன வாரம் நாங்கள் கொடுத்தனுப்பிய தட்டைச் சும்மா திருப்பித் தரக் கூடாது என்று அதில் கீரை அடைத்துச் சுட்ட பொரெக் துண்டுகளை வைத்து எடுத்து வந்திருந்தாள்.

"ரிஃப்கி அண்ணே, அக்கா எங்க? காலையிலேருந்து ஜன்னல் பக்கமே காணோம்."

"தூங்குறா. ராத்திரி தலைவலி."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஷுக்ரான் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"டிவி," என்றேன். "அணைக்காமலே தூங்கிட்டா."

"எழுந்ததும் சூடு பண்ணிக் கொடுங்க. அவளுக்கு ஓரத்துத் துண்டுதான் பிடிக்கும்."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மெலாஹத் சோபாவிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். தூக்கிச் சரியாகப் படுக்க வைத்தேன். பொரெக்கைப் பிய்த்து ஊட்டிப் பார்த்தேன், புரையேறியது. அதற்குப்பின் ஸ்பூனால் தண்ணீர் மட்டும்தான். துணி மாற்றினேன், துடைத்துவிட்டேன், முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் செர்பில் வழக்கம்போலப் போனில் பேசினாள். அம்மா மேல்வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்கு நீ வரத்தானே போகிறாய் என்றேன். மெலாஹத் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஆக, இடது கண் வேலை செய்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திங்கள் காலை சந்தை திறந்ததும் கத்தரி மூடியது. விற்கக் கொடுத்தேன். செயலி முகத்தைக் கேட்டது. அவள் தலைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்து, கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கண் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினாள். பிறகு, சிரியுங்கள் என்று எழுத்து வந்தது.

"மெலாஹத், கொஞ்சம் சிரி," என்றேன்.

முகம் பொருந்தவில்லை என்றது. திரும்பவும் காட்டினேன். பொருந்தவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவளுடைய முகம்தானே அது, நாற்பது வருடமாக நான் பார்க்கும் முகம். ஒரு இயந்திரம் இது இவளில்லை என்று சொல்கிறது. இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது.

விற்ற பணம் அவள் கணக்கிலிருந்து என் கணக்குக்கு வந்தது. அதன் பிறகு அவளுக்குச் சுத்தமான சட்டை போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எனக்கு ஊற்றி வைத்திருந்த டீ ஆறுவதற்குள் வந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். காலையில் எழுந்தபோது இப்படிப் பார்த்தேன் என்றேன். புதன்கிழமை போய்விட்டாள்.

ஆம்புலன்ஸுக்கு ஒரு குருஷ்கூட ஆகாது, ஓய்வூதியக்காரன் மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் செலவே கிடையாது என்று நினைவுபடுத்துகிறீர்கள். தெரியும். அன்றும் தெரியும். சரி, வைத்தியச் செலவுக்காக விற்றேன் என்று சற்றுமுன் சொன்னதை எழுத வேண்டாம். பணம் என் கணக்கில் சில நிமிடங்கள்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் முன்பே அத்தனைக்கும் திரும்பத் தங்கம் வாங்கிவிட்டேன், என் பெயரில். விற்றுவிட்டு மறுபடி வாங்குபவன் அந்தக் கத்தரிக்குள் இரண்டு தடவை கையை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது முடியாத காரியம். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் வருடா வருடம் முதலுதவி வகுப்பு நடக்கும், எங்கள் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. ஒருவருக்கு வாய் கோணினால் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை கிளாஸைப் பொறுக்குவதற்கு முன்பே அவளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தேன். இது என்ன நோய் என்பதும், அவள் போய்விட்டால் கணக்கு முடங்கி மகளுக்கும் பங்கு போகும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. பிழைத்தாலோ, செர்பில் வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. என் மனைவியைச் சாகவிட்டது நான்தான்.

புகார் கொடுத்தது செர்பில் என்று தெரியும். அம்மாவின் கைப்பேசியில் விற்ற நேரத்தைப் பார்த்திருக்கிறாள். நேற்று அவளை இங்கே வெளித் தாழ்வாரத்தில் பார்த்தேன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இனி எனக்கு யாரும் இல்லை. என் கணக்கையும் நீதிமன்றம் முடக்கிவிட்டது. விலை ஏறியிருப்பதாக வக்கீல் தம்பி சொன்னார். முன்பென்றால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நீங்கள் மேசையில் பரப்பியிருக்கும் படங்கள் அந்தச் செயலி எடுத்தவைதான். ஒவ்வொரு முறையும் அது படம் எடுத்து வைத்துக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியாது. முதல் இரண்டில் வாய் இறங்கியிருக்கிறது. மூன்றாவதில் நேராக இருக்கிறது. உதட்டோரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தக் கட்டைவிரல் என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையை உதறவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மூன்றாவது படத்தின் பிரதி ஒன்று எனக்குக் கிடைக்குமா, மேடம்? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட கடைசிப் படம் அது.