கம்பெனித் தொப்பி

சும்மா கிடைக்கும் தொப்பியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஷெரீஃப். உங்கள் மேசையிலேயே ஒன்று கிடக்கிறது. என்னுடையது நீல நிறம், முன்பக்கம் எண்ணெய்க் கம்பெனியின் பெயர். கம்பெனிக்காரர் எனக்கு மாட்டுக்கறி ஸ்டேக்கும் ஒரு துண்டு பீச் பழக் கேக்கும் வாங்கிக் கொடுத்து, தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டு, பிக்கப் வண்டியின் பானெட் மேல் எண்ணெய்க் குத்தகைக் காகிதத்தை விரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மேற்கு டெக்சஸில் பாதிக் குத்தகைகள் அப்படித்தான் நடக்கின்றன. மீதிப் பாதியில் கேக் கிடையாது.

அந்த நிலத்தின் மேல் மேய்வது வேறொருவரின் மாடுகள். அடியில் இருக்கும் எண்ணெய் மட்டும் எங்களுடையது, அப்பா விட்டுப்போனது. எனக்கும், தங்கை லினெட்டுக்கும், தம்பி ராய்ஸுக்கும். அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள், நான் போகவில்லை, அதனால் பொறுப்பு என்னிடம் வந்தது. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வான்கோழியை வெட்டுவது நான்தான். "நம்ம கிணறு எப்படிண்ணா இருக்கு?" என்று லினெட் கேட்பாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பிரஷர் பரவால்ல" என்பேன். பிரஷர் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆனால் மேசையே தலையாட்டும். நான் கார் உதிரிபாகம் விற்கிறவன். கடையில் என்னைப் பார்த்து யாரும் அப்படித் தலையாட்டியதில்லை.

போன விருந்தில் லினெட் வேறு பேச்சை எடுத்தாள். "இதையெல்லாம் பாத்துக்கறதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்கண்ணா. ராயல்டி, அதான் நம்ம பங்குப் பணம், சரியா வருதான்னு பாப்பாங்க, கம்பெனிகிட்ட பேசுவாங்க. நீ எத்தன நாளு தனியா இழுப்ப? ஒரு ஆள வெச்சுக்கலாமே."

ராய்ஸ் வாய் நிறைய வான்கோழியோடு தலையாட்டினான்.

அப்படித்தான் கெல்வின் ஆஷ்பி டல்லஸிலிருந்து வந்தான். கெட்ட பையன் இல்லை. புது பூட்ஸ், நல்ல மரியாதை. என் சமையலறையில் என் காபியைக் குடித்துக்கொண்டே குத்தகையைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"சார், இதுல ஆழத்துக்கு எல்லையே போடலையே."

"போடலன்னா என்ன?"

"அந்த ஓட்டப் பம்பு ஒரு வாளி எண்ணெய் எடுத்துட்டிருந்தாக்கூட, அதுக்குக் கீழ எவ்வளவு ஆழத்துல எது இருந்தாலும் கம்பெனி பிடியிலதான் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரங்க ஆழத்துல இருக்கறத இன்னொரு கம்பெனிக்குத் தனியா விட்டு பணத்துல எங்கயோ போயிட்டாங்க. ஒரே ஒரு வரி சேத்திருந்தா போதும்." என் முகத்தைப் பார்த்தான். "பரவால்ல சார், நெறைய பேரு பண்ற தப்புதான். ஞாயித்துக்கிழமை உங்க குடும்பத்துக்கு நானே பக்குவமா சொல்லிடறேன்."

பக்குவமாக. திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

கிணற்றையும் எண்ணெய்த் தொட்டியையும் பார்க்க வேண்டும் என்றான். கூட்டிப்போனேன். எங்கள் எண்ணெய் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இங்கே பிறந்தவர்கள் அதைப் பணத்தின் வாசம் என்போம். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சரிக்கைப் பலகையைக் காட்டினான். "விஷவாயுன்னு போட்டிருக்கே சார்?"

"அது இன்சூரன்ஸ்காரனுக்காக மாட்டினது, தம்பி. மேல ஏறி மூடியக் கொஞ்சமாத் தூக்கு. நாத்தம் கொடலப் பிடுங்கும். நாத்தம் நின்னதும் குனிஞ்சு பாரு, ஒண்ணும் ஆகாது."

எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், நாற்றம் நின்றால் ஓட வேண்டும் என்று. அந்த வாயு பலமாகும்போது முதலில் மூக்கைத்தான் செயலிழக்க வைக்கும். டல்லஸ் காகிதங்களில் அது இல்லை போலிருக்கிறது.

"நின்னுடுச்சு சார்," என்று மேலேயிருந்து சிரித்தான்.

"அப்ப குனி," என்றேன். காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. நான் இடம் பார்த்துத்தான் நின்றிருந்தேன்.

அவன் செத்தது விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் நேற்று இந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, லினெட் அழுதுகொண்டே உங்களிடம் சொன்னது காதில் விழுந்தது. "குத்தகைய அண்ணன் தப்பா எழுதிக் குடுத்தது எங்களுக்கு எப்பவோ தெரியுங்க. மனசு நோகுமேன்னு யாரும் சொல்லல. இந்த வாயு விஷயமும் அப்படித்தான் இருக்கும். இங்கயே வளந்தவர்தான், ஆனா இதெல்லாம் அவர் மண்டையில ஏறாதுங்க."

கதவு இடுக்கில் பார்த்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியும், ஷெரீஃப். வாயு என்ன செய்யும் என்று தெரியும், காற்று எந்தப் பக்கம் என்று தெரியும், தெரிந்துதான் அவனைக் குனியச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். லினெட்டிடமும் சொல்லிவிடுங்கள், பக்குவமெல்லாம் வேண்டாம். விருந்து நெருங்குகிறது, வான்கோழியை வேறு யாரும் வெட்டிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.