கண்ணாடிக்குக் காப்பீடு, ஓட்டுபவருக்கு?

அளவற்ற அருளாளன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கிறேன். அவையை அணிசெய்யும் சரக்குந்துச் சங்கத் தலைவர் இசாபெக் ஐயா அவர்களே, வெள்ளைக் கல்பாக் தொப்பி அணிந்து வந்திருக்கும் நரீன் நகரப் பெரியோர்களே, தேநீர் ஆறும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே, என் போன்ற ஓட்டுநர் மனைவியரே, வணக்கம்!

சென்ற மாசியில் என் வீட்டுக்காரர் சீனாவின் காஷ்கருக்குப் போய்ச் சன்னல் கண்ணாடி ஏற்றி வரக் கிளம்பினார். காப்பீட்டுத் தாளை வரிவரியாகப் படித்தேன். கண்ணாடிக்குக் காப்பீடு இருந்தது. வண்டிக்கு இருந்தது, அதுவும் பெருஞ்சாலையில் மட்டும். வழியிலுள்ள தோருகார்ட் கணவாயில் வண்டி நின்றால் இழுத்து வர ஏற்பாடில்லை. ஓட்டுபவருக்கு ஒரு வரிகூட இல்லை! கண்ணாடிக்குக் காப்பீடு இருக்கிறதே, என் கண்ணானவருக்கு எங்கே?

"பத்து வருஷமா போயிட்டு வர்றேன், நீ அல்லாகிட்ட கேக்கற துஆ போதாதா?" என்றார்.

"துஆ நான் கேக்கறேன், கையெழுத்த நீங்க போடுங்க" என்றேன்.

ஓட்டுபவரையும் கணவாயில் மீட்பையும் சேர்த்த புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார். வண்டி என் மாமனார் பெயரில். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் நான் ஒருத்திதான் என்று எழுதிக் கொடுத்தோம். அங்கேதான் பிழை செய்தோம்!

திரும்பி வரும்போது கணவாயில் பனிப்புயல். வண்டி நின்றது. "டீசல் உறைஞ்சுபோச்சு, ஹீட்டரும் வேல செய்யல" என்றார். அத்தோடு அவர் கைபேசி அணைந்தது. நான் காப்பீட்டு அலுவலகத்தை அழைத்தேன். மீரிம் என்றொரு பெண் எடுத்தாள்.

"வண்டி யார் பேர்லக்கா?"

"மாமனார் பேர்லம்மா."

"அவர் பேரு?"

ஏன் சிரிக்கிறீர்கள், தாய்மார்களே? உங்களில் யார் மாமனார் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள்? லாரியே எந்த உலோகத்தால் ஆனதோ, அது என் மாமனார் பெயரில் இருக்கிறது. இருபது ஆண்டாக அந்த உலோகத்தைக்கூடக் 'கறுப்புக்கட்டி' என்றே சொல்லி வருகிறேன்!

"சொல்லக்கூடாதும்மா."

"நானும் கிர்கிஸ் மருமகதான்க்கா, எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியலையே. அவசரத்துக்குன்னு எழுதியிருக்கறது உங்க பேரு, நீங்கதான் சொல்லணும்."

மாமனார் பக்கத்திலேயே இருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மென்மயிர்த் தொப்பியை இரு காதுக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

சொன்னேன். "கேக்கலக்கா!" மறுபடி சொன்னேன். "லைன் சரியில்லக்கா, சத்தமா!" கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

சுவரைப் பார்த்தபடியே மாமனார் கேட்டார்: "என்னம்மா, கூப்பிட்டியா?"

அழுதேனா, சிரித்தேனா, அல்லாஹ்வுக்கே தெரியும்.

மீட்பு வண்டி மாலைக்குள் எட்டியது. மறுநாள் நண்பகல், கால்விரல் வீங்கியிருந்தாலும், அவர் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குள் வந்தார். மாமனார் அவர் கையைப் பிடித்துத் தேய்த்தபடி, "உம் பொண்டாட்டி என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாடா. உனக்காகன்னா இன்னும் நூறு தரம் கூப்பிடட்டும்" என்றார். மாமனார் முன்வரிசையில்தான் இருக்கிறார், அதனால் அந்தப் பெயரை இங்கே சொல்லமாட்டேன்!

என் உடன்பிறப்புகளே! கணவாய்க்குப் போகிறவரின் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். அந்தப் பாதை அதில் இருக்கிறதா? இழுத்து வர ஆள் உண்டா? மருத்துவம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா? இல்லையென்றால் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள அவர் வீட்டில் இருக்கிறாரே, அது போதாதா நமக்கு?

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. இப்போது சாலையில் இருக்கும் ஒவ்வொருவரையும் இறைவன் வீடு சேர்ப்பானாக! வணக்கம்.