பெரிய கணக்கு

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ் ஆலங்குடிக்கு முன்னால் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. கண்டக்டர் பின்பக்கம் போய் நெருப்பை மூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன் சீட்டில் இருவர்.

"ஒங்க மக அல்ஜீப்ரா படிச்சா எம் மகன் கதி என்னாகும் மாப்ள?"

காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்டவர் பெண்ணின் தாய்மாமன். பதில் சொன்னவர் பெண்ணைப் பெற்றவர்.

"பள்ளிக்கூடத்துல நாலாவது பாரத்துல சாதாக் கணக்கு, பெரிய கணக்குன்னு ரெண்டு இருக்கு மச்சான். பெரிய கணக்குலதான் அந்த அல்ஜீப்ராவெல்லாம். எது வேணும்னு எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க."

"எம் பய சாதாக் கணக்குக்கே முக்குறான். தொட்டில்ல இருக்கையிலேயே பேசி வச்ச சம்பந்தம். நாளைக்கு அவ கணக்குச் சொல்லிக் குடுக்க, இவன் கைகட்டி நிக்கிறதா? பிள்ளைகிட்டப் பக்குவமாச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மச்சான். அதுவரைக்கும் எதை எடுக்கன்னு தெரியாம முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. பெரிய கணக்கு எடுத்தா மாமன் மகன் சம்பந்தம் விட்டுப்போயிரும்னு சொன்னேன். ஓடிப்போயி பெரிய கணக்குன்னே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா."

பஸ் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. முதலில் சிரித்தவர் மாமன்தான்.