ஐந்து நிற இலைவண்டு

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். விரலைக் கொண்டுபோனால் தத்திவிடும். இந்த இலைவண்டுகளோடு அருங்காட்சியகத்தில் முப்பத்தொரு வருடம் மாரடித்தவன் நான், ஐயா. ஐந்து நிறங்களில் கண்டேன். ஐந்தும் வேறு வேறு இனம் என்று எழுதிப் பெயர் வைத்தேன். பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

என் மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரன். ஆனால் சில மாதங்களாக அவன் போக்கு சரியில்லை. நான் வந்தால் நுண்ணோக்கிமேல் துணியைப் போடுவான். ஜன்னலோரம் ஒரு செடிக்கு வலை கட்டி வைத்திருந்தான். கேட்டால், "சும்மாதான் அத்தான்" என்பான். சும்மா யார் செடிக்கு வலை கட்டுவார்கள்? அவன் டீ குடிக்கப் போன நேரம் பிரித்துப் பார்த்தேன். 'ஒரே தாயின் முட்டைகள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. இலைகளில் ஐந்து நிறத்திலும் வண்டுகள்.

மறுநாள் அவனே வாயைத் திறந்தான்.

"எல்லாம் ஒரே இனம்தான் அத்தான். ஆண் வண்டுகளோட இனப்பெருக்க உறுப்பையும் எடுத்துப் பாத்துட்டேன், வித்தியாசமே இல்ல. நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்தினதா எழுதிடலாம். என் பேரு வேணாம்."

தன் பெயரை வேண்டாம் என்பவனை நீங்கள் நம்புவீர்களா? என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்ற சந்தேகம் அப்போதுதான் உறுதியானது.

சேகரிப்பை அரிக்கும் பூச்சிகளைக் கொல்ல அங்கே நச்சுவாயு அறை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மதியம், பழைய பெட்டி ஒன்றை உள்ளே வைத்து மறந்துவிட்டேன் என்று அவனை அனுப்பினேன்.

"எந்த அடுக்குல அத்தான்?"

"கடைசி அடுக்குல பாரு."

காற்றில் கதவு சாத்திக்கொண்டது, வாயுவைத் திறக்கும் விசை பழுது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. வெளித்தாழ்ப்பாள் காற்றுக்கு விழாது. விசையிலும் கோளாறு இல்லை. இரண்டும் நான் செய்தவை. வலைச்செடியை எரித்ததும் நான்தான்.

நடுவில் மனைவி போன் செய்தாள். "தம்பி சாப்பிட்டானா? போன எடுக்க மாட்டேங்கிறான்."

"வேலையா இருக்கான்" என்றேன். அவன் அப்போது கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

காதில் விழவில்லையா என்கிறீர்கள். விழுந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. ஒரு வண்டின் உணர்கொம்பில் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தால் எண்ணிக்கை தவறிவிடும்.